கல் போன பிறகு கிலோகிராம்: பிளாங்க் மாறிலியிலிருந்து கடைத் தராசு வரை

கிலோகிராமின் புதிய வரையறை நடைமுறைக்கு வந்த 2019 மே 20 அன்று உலகின் எந்த எடைக்கல்லின் நிறையும் மாறவில்லை. மாறியது வோல்ட். அன்றுவரை 10 வோல்ட் என்று காட்டிய உயர்தரச் சீரமைப்புக் கருவி, அன்று முதல் 10.00000107 வோல்ட் என்று காட்ட வேண்டியதாயிற்று. கோடியில் ஒரு பங்கு வித்தியாசம். ஓம் அதைவிடக் குறைவாக, நூறு கோடியில் சுமார் 18 பங்கு நகர்ந்தது. கிலோகிராமின் வரையறையைத்தான் திருத்தினார்கள், கிலோகிராம் அசையவில்லை, மின் அலகுகள் அசைந்தன. செய்திகளில் "கிலோகிராம் மாறிவிட்டது" என்று எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட இடம் இது.

காரணம் எளிது. பழைய வரையறையில் மின் அலகுகள் நிறையைச் சார்ந்திருந்தன. நிறையோ ஓர் உலோக உருளையைச் சார்ந்திருந்தது. அந்த உருளை வழியாக வோல்ட்டை வரவழைக்கும் துல்லியம் மின்னியல் ஆய்வகங்களுக்குப் போதவில்லை. ஆகவே 1990 முதல் அவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட இரண்டு எண்களை வைத்துத் தனிக்குடித்தனம் நடத்தினார்கள். 2019இல் இரு குடும்பமும் ஒன்று சேர்ந்தபோது, தனியாகப் போயிருந்தவர்கள்தான் எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் கிலோகிராமைப் பற்றியது. மீட்டர், விநாடி ஆகியவற்றின் கதை முன்பே முடிந்துவிட்டது. கெல்வினும் மோலும் அதிக சர்ச்சை இல்லாமல் மாறின. கிலோகிராமில்தான் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. வரையறை முடிந்தாலும் வேலை முடியவில்லை என்பதும் அங்கேதான் தெரிகிறது.

உருளையின் குறை

பன்னாட்டு முதன்மைக் கிலோகிராம் என்பது 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் கலந்த உருளை. உயரமும் விட்டமும் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். 1889இல் நடந்த முதல் எடை அளவைப் பொதுமாநாடு அதை ஏற்றது. பாரிசை ஒட்டிய செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை அளவைப் பணியகத்தின் பெட்டகத்தில், கண்ணாடி மூடிகளுக்குள், ஆறு அதிகாரபூர்வ நகல்களோடு இருந்தது. பெட்டகத்துக்கு மூன்று சாவி, மூன்றும் மூவரிடம்.

அந்த உருளை அடிக்கடி வெளியே வந்ததில்லை. 1946இலும், 1988 முதல் 1992 வரையிலும் நடந்த பெரிய ஒப்பீடுகளில் உலக நாடுகளின் நகல்களை அதனோடு நிறுத்துப் பார்த்தார்கள். நூறு ஆண்டுகளில் நகல்கள் பலவும் அதைவிடச் சராசரியாக 50 மைக்ரோகிராம் அளவுக்குக் கூடியிருந்தன. நகல்கள் கூடினவா, முதன்மை உருளை குறைந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. வரையறைப்படி அந்த உருளை எப்போதும் சரியாக ஒரு கிலோகிராம். அது இளைத்திருந்தாலும் அண்டத்தில் உள்ள மற்ற எல்லாம் பருத்ததாகத்தான் கணக்கு எழுத வேண்டும்.

இன்னொரு தொல்லை அழுக்கு. காற்றில் இருக்கும் நீராவி, ஹைட்ரோகார்பன், பாதரச ஆவி எல்லாம் உலோகப் பரப்பில் படியும். அதனால் எத்தனாலும் ஈதரும் கலந்த கலவையில் நனைத்த மெல்லிய தோல் துணியால் கையால் தேய்த்து, பிறகு இருமுறை வடித்த நீரின் ஆவியைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். கழுவிய உடனே இருக்கும் நிறைதான் கிலோகிராம் என்று வரையறைக்கே ஒரு விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. உலகத்தின் நிறை அலகு ஒருவர் கையால் தேய்க்கும் அழுத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

2014இல், புதிய வரையறைக்கான ஏற்பாடாக, முதன்மை உருளையை மீண்டும் எடுத்தார்கள். பணியகம் அன்றாடம் பயன்படுத்திவந்த வேலைக் கற்கள் அதிலிருந்து 35 மைக்ரோகிராம் விலகியிருப்பது தெரிந்தது. அதிகம் பயன்படுத்தியதால் ஏற்பட்ட தேய்மானமே முக்கியக் காரணம். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நாடுகளுக்கு அனுப்பிய சான்றிதழ்கள் பலவற்றைத் திருத்தவேண்டி வந்தது. முதன்மை உருளை பத்திரமாகப் பூட்டியிருந்தது. பூட்டியே வைத்திருந்ததுதான் சிக்கலும்: அதைத் தொட்டால் தேயும், தொடாவிட்டால் வேலைக் கற்கள் விலகுவது தெரியாது.

எண்ணைப் பிடித்துவைத்து அலகை வரவழைப்பது

எந்த அளவும் ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்தது. முன்பு அலகைப் பிடித்துவைத்து, இயற்கை மாறிலிக்கு எண் என்ன என்று அளந்தோம். இப்போது எண்ணைப் பிடித்துவைத்து, அலகு என்ன என்று வரவழைக்கிறோம். 1983இல் மீட்டருக்கு இதைச் செய்தாயிற்று: ஒளியின் வேகம் விநாடிக்கு 299792458 மீட்டர் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பின் "ஒளியின் வேகத்தை அளந்தோம்" என்று யாராவது சொன்னால், உண்மையில் அவர் தன் அளவுகோலைச் சரிபார்த்திருக்கிறார். விநாடிக்கும் 1967 முதல் சீசியம்-133 அணு இருக்கிறது: அதன் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9192631770 அதிர்வுகள் ஒரு விநாடி.

ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் இயற்கை எண்ணான பிளாங்க் மாறிலியின் அலகு ஜூல் விநாடி. பிரித்து எழுதினால் கிலோகிராம், மீட்டர் இருமடி, வகுத்தல் விநாடி. மீட்டரும் விநாடியும் ஏற்கெனவே முடிந்துவிட்டன. பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ என்று எண்ணைப் பூட்டிவிட்டால், மிச்சமிருக்கும் கிலோகிராம் தானாக நின்றுவிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய 26ஆவது பொதுமாநாடு ஏற்ற தீர்மானத்தின் சாரம் இவ்வளவே. கூடவே எலெக்ட்ரான் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும், போல்ட்ஸ்மன் மாறிலி 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின், அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ ஆகியவையும் பூட்டப்பட்டன. "பிளாங்க் மாறிலியை இனி இன்னும் துல்லியமாக அளந்தால் இந்த எண் திருத்தப்படுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. திருத்தப்படாது. அந்தச் சோதனை இனி பிளாங்க் மாறிலியை அளக்காது, எடைக்கல்லை அளக்கும்.

ஏன் பிளாங்க் மாறிலி? குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கார்பன் அணுக்களின் நிறை ஒரு கிலோகிராம் என்று சொல்லியிருந்தால் பள்ளி மாணவருக்கும் புரிந்திருக்குமே? இது நியாயமான எதிர்ப்பு. அப்படிச் சொன்னவர்களில் நல்ல இயற்பியலாளர்களும் இருந்தார்கள். ஆனால் மின் அலகுகளின் தனிக்குடித்தனத்தை முடிக்க வேண்டும் என்றால் பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரான் மின்னூட்டமும் இரண்டுமே பூட்டப்பட வேண்டும். வோல்ட்டைத் தரும் ஜோசப்சன் விளைவு, ஓமைத் தரும் குவாண்டம் ஹால் விளைவு ஆகிய இரண்டும் அந்த இரு மாறிலிகளால் மட்டுமே ஆனவை. என் பார்வையில் எளிமையை விட்டுக்கொடுத்தது சரியான முடிவு. வரையறையைப் படித்துப் புரிந்துகொள்பவரைவிட, வோல்ட்மீட்டரை நம்பி வேலை செய்பவர் எண்ணிக்கையில் மிக அதிகம்.

கிபிள் தராசு வேலை செய்யும் விதம்

எண்ணைப் பூட்டிவிட்டோம். அந்த எண்ணிலிருந்து கையில் பிடிக்கும் ஒரு கல்லுக்கு எப்படி வருவது? அதற்கான கருவியை 1975இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிபிள் யோசித்தார். நீண்ட காலம் வாட் தராசு என்று அழைக்கப்பட்டது. 2016இல் அவர் மறைந்த பின் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அதற்கு முன் இருந்த மின்னோட்டத் தராசில், கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையிலான விசையை எடைக்கல்லின் எடையோடு சமன் செய்வார்கள். விசையைக் கணக்கிட, சுருளில் உள்ள கம்பியின் மொத்த நீளமும் ஒவ்வொரு இடத்திலும் காந்தப்புலத்தின் வலிமையும் தெரிய வேண்டும். நூறு கோடியில் சில பங்கு துல்லியத்தில் இவற்றை அளப்பது நடக்காத காரியம். கிபிளின் நுட்பம் அவற்றை அளக்காமலே விட்டதில் இருக்கிறது. ஒரே சுருளை இரு விதமாகப் பயன்படுத்தினால் காந்தப்புலமும் கம்பி நீளமும் சேர்ந்த பெருக்கம் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகும்.

முதல் கட்டம் நிறுத்தல். எடைக்கல்லைத் தட்டில் வைத்து, சுருளில் மின்னோட்டம் செலுத்தித் தராசைச் சமநிலையில் நிறுத்த வேண்டும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தின் நான்காம் தலைமுறைத் தராசை எடுத்துக்கொள்வோம். அதில் காந்தப்புலமும் கம்பி நீளமும் பெருக்கினால் ஏறத்தாழ 700 டெஸ்லா மீட்டர். எதிர்ப்பக்கத்தில் 500 கிராம் கூடுதல் எடை தொங்கும். கல் இல்லாதபோது சுருள் சுமார் 4.9 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கும், கல் வைத்ததும் அதே அளவு மேலே தள்ளும். மின்னோட்டம் இரு திசையிலும் சுமார் 7 மில்லி ஆம்பியர். இப்படிச் சமமாகப் பிரிப்பதில் ஆதாயம் உண்டு. சுருளில் ஓடும் மின்னோட்டமே காந்தப்புலத்தைச் சற்று மாற்றிவிடும், திசை மாற்றி இரு முறை செய்தால் அந்த மாற்றத்தின் பெரும்பகுதி அடிபட்டுவிடும். சுருள் சூடாவதும் இரு நிலையிலும் ஒரே அளவாக இருக்கும்.

இரண்டாம் கட்டம் நகர்த்தல். கல்லை எடுத்துவிட்டு, மின்னோட்டத்தை நிறுத்தி, அதே சுருளை அதே காந்தப்புலத்தில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் போன்ற சீரான வேகத்தில் மேலும் கீழும் நகர்த்துகிறார்கள். சுருளின் முனைகளில் சுமார் 0.7 வோல்ட் தோன்றும். வேகத்தை லேசர் குறுக்கீட்டுமானி அளக்கும். இரு கட்டங்களையும் சேர்த்தால் கிடைப்பது:

நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × வேகம் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இடப்பக்கம் இயந்திரத் திறன், வலப்பக்கம் மின் திறன். சுருளின் வடிவமோ காந்தத்தின் வலிமையோ எங்கும் இல்லை.

வலப்பக்கத்தில் பிளாங்க் மாறிலி நுழையும் இடம் அழகானது. மின்னழுத்தத்தை ஜோசப்சன் சந்திகளோடு ஒப்பிடுகிறார்கள். திரவ ஹீலியம் வெப்பநிலையில் வைத்த மீகடத்திச் சந்தி ஒன்றில் 20 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை பாய்ந்தால் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். அது அதிர்வெண், பிளாங்க் மாறிலி, எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடங்கு ஆகியவற்றால் மட்டுமே தீர்மானிக்கப்படுவது. 0.7 வோல்ட் வேண்டுமானால் ஏறத்தாழ 17,000 சந்திகளைத் தொடராக இணைக்க வேண்டும், ஒரு சில்லில் அது இன்று வழக்கமான வேலை. மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. 100 ஓம் மின்தடை வழியாக விட்டு, அதில் எழும் 0.7 வோல்ட்டை மீண்டும் ஜோசப்சன் சந்திகளால் அளக்கிறார்கள். அந்த 100 ஓம் எங்கிருந்து வந்தது? குவாண்டம் ஹால் விளைவிலிருந்து. காலியம் ஆர்சனைடு சில்லில், ஏறத்தாழ 1.5 கெல்வின் குளிரிலும் 10 டெஸ்லா போன்ற புலத்திலும் மின்தடை 12906.4 ஓம் என்ற படியில் சமதளமாக நிற்கும், அது பிளாங்க் மாறிலியை மின்னூட்டத்தின் இருமடியின் இரண்டு மடங்கால் வகுத்தது. குளிர்நிலை மின்னோட்ட ஒப்பீட்டுக் கருவி அதை 100 ஓமுக்கு இறக்கித் தருகிறது. மின்னழுத்தம் இரு முறை, மின்தடை ஒரு முறை. பெருக்கிப் பார்த்தால் எலெக்ட்ரான் மின்னூட்டம் முழுவதுமாக அடிபட்டு, பிளாங்க் மாறிலியின் நான்கில் ஒரு பங்கும் சில முழு எண்களும் அதிர்வெண்களும் மட்டும் எஞ்சுகின்றன.

தாளில் இது அரைப் பக்கம். ஆய்வகத்தில் ஒவ்வொரு குறியும் ஒரு தலைவலி. இங்கே ஒரு வசதி இருக்கிறது: ஒரு கிலோகிராம் என்பது நூறு கோடி மைக்ரோகிராம். ஆகவே நூறு கோடியில் இத்தனை பங்கு என்பதும் கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே.

புவியீர்ப்பை எடுத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் கண்ணாடி முப்பட்டை ஒன்றை விழவிட்டு, லேசரால் அதன் வீழ்ச்சியை அளக்கும் தனிநிலை ஈர்ப்புமானி அதைத் தரும். ஆனால் ஈர்ப்புமானி நிற்பது ஓரிடம், எடைக்கல் தொங்குவது வேறிடம். ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் ஈர்ப்பு நூறு கோடியில் 3 பங்கு குறையும். ஆகவே அறை முழுவதும் ஈர்ப்பை வரைபடமாக்கி, கல் இருக்கும் புள்ளிக்குக் கணக்கை நகர்த்த வேண்டும். கருவியின் பெருங்காந்தமே கல்லை ஈர்க்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலவும் சூரியனும் உண்டாக்கும் அலையிழுப்பு ஒரே நாளில் ஈர்ப்பைக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஆட்டும். அதைக் கழிக்காமல் விட்டால் காலையில் நிறுத்த கல்லும் மாலையில் நிறுத்த கல்லும் நூறு மைக்ரோகிராம் வேறுபடும்.

காந்தம் இன்னொரு கதை. சமேரியம் கோபால்ட் காந்தத்தின் வலிமை வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் பத்தாயிரத்தில் மூன்று பங்கு போலக் குறையும். டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 300 மைக்ரோகிராம் பிழை. எந்த அறையையும் அந்த அளவுக்கு அசையாமல் வைக்க முடியாது. அதனால் நகர்த்தல், நிறுத்தல், நகர்த்தல் என்று மாறி மாறிச் செய்து, காந்தம் மெல்ல நகர்ந்ததைக் கோடாகப் பொருத்திக் கழிக்கிறார்கள். கருவியை வேகமாக இரு நிலைக்கும் மாற்ற முடிகிறதா என்பதுதான் இங்கே முக்கியம். காந்தம் எவ்வளவு நிலையானது என்பது அதற்கு அடுத்தது.

செங்குத்து இன்னொன்று. லேசர் கற்றை செங்குத்திலிருந்து ஒரு மில்லிரேடியனில் ஏழில் ஒரு பங்கு சாய்ந்தாலே நூறு கோடியில் பத்து பங்கு பிழை வந்துவிடும். சுருள் மேலே போகும்போது சற்றே பக்கவாட்டில் ஆடினால், சற்றே திரும்பினால், பக்கவாட்டு விசை இருக்கும் அளவுக்கு அதுவும் கணக்கில் கலக்கும். தரை அதிர்வை மின்னழுத்தத்தையும் வேகத்தையும் ஒரே கணத்தில் பதிவு செய்து சமாளிக்கலாம், ஏனெனில் அதிர்வு இரண்டையும் ஒரே விகிதத்தில் ஆட்டும். கத்திமுனைத் தாங்கியின் நினைவாற்றலைச் சமாளிக்க அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. நகர்த்தல் கட்டத்தில் பெரிய கோணத்துக்கு ஆடிய கத்திமுனை, நிறுத்தலுக்குத் திரும்பும்போது அந்த ஆட்டத்தின் சுவடைச் சிறு விசையாக வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் சிறிதாகும் ஆட்டம் கொடுத்து அதை அழித்த பின்பே நிறுக்கத் தொடங்குவார்கள்.

இப்படிப்பட்ட ஒரு பிழை உலக அளவில் காலதாமதத்துக்கும் காரணமாயிற்று. பிரிட்டன் தன் தராசைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்துக்கு விற்பதற்குச் சற்று முன், எடைக்கல்லை ஏற்றி இறக்கும் கட்டத்தில் ஒரு பிழை ஒளிந்திருப்பது தெரியவந்தது. பெட்டியில் அடைக்கும் அவசரத்தில் அதைத் தீர்க்க நேரமில்லை. நிச்சயமின்மையை (அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற மதிப்பீட்டை) பெரிதாகக் குறித்துவிட்டு ஒட்டாவாவுக்கு அனுப்பினார்கள். கனடாக்காரர்கள் அதைக் கண்டறிந்து நீக்கி, 2017இல் அதே கருவியிலிருந்து நூறு கோடியில் 9.1 பங்கு நிச்சயமின்மையோடு பிளாங்க் மாறிலியை அறிவித்தார்கள். அந்த நாள் வரை யாரும் எட்டாத துல்லியம்.

சாட்சிக்கு ஒரு சிலிக்கான் உருண்டை

ஒரே வகைக் கருவி மட்டும் இருந்தால், எல்லாரும் சேர்ந்து ஒரே தவறைச் செய்ய வாய்ப்புண்டு. ஆகவே முற்றிலும் வேறொரு வழியும் வேண்டியிருந்தது: அணுக்களை எண்ணுவது.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி.யை மையமாகக் கொண்ட கூட்டு முயற்சி இது. சிலிக்கான்-28 ஐசோடோப்பை ரஷ்யாவின் மையவிலக்குகளில் 99.99 விழுக்காட்டுக்கும் மேல் செறிவூட்டி, பெர்லினில் ஒற்றைப் படிகமாக வளர்த்து, ஏறத்தாழ 93.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாகத் தீட்டினார்கள். படிகத்தில் மீண்டும் மீண்டும் வரும் அடிப்படைக் கட்டமான ஓர் அலகு அறையில் எட்டு அணுக்கள். அறையின் விளிம்பு 543.1 பிக்கோமீட்டர், அதை எக்ஸ்கதிர்க் குறுக்கீட்டுமானி அளக்கும். உருண்டையின் கனஅளவை அறையின் கனஅளவால் வகுத்து எட்டால் பெருக்கினால் மொத்த அணுக்கள், ஏறத்தாழ 2.15 × 10²⁵.

விட்டத்தில் 0.3 நானோமீட்டர் பிழை என்றால் கனஅளவில் நூறு கோடியில் பத்து பங்கு பிழை. 0.3 நானோமீட்டர் என்பது படிக அறையின் விளிம்பைவிடச் சிறியது. அதற்கு மேல், சிலிக்கான் காற்றில் பட்டதும் ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். படலத்தின் தடிமனையும் நிறையையும் தனியாக அளந்து கழிக்க வேண்டும். படிகத்தில் காலி இடங்கள் எத்தனை, மாசு அணுக்கள் எத்தனை என்பதும் கணக்கில் வரும்.

அணுக்கள் வழியாகக் கிடைப்பது அவகாட்ரோ எண். தராசு தருவது பிளாங்க் மாறிலி. இவை இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்? இவ்விரண்டின் பெருக்கம், ஹைட்ரஜன் நிறமாலையிலிருந்தும் எலெக்ட்ரானின் ஒப்பு நிறையிலிருந்தும் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நிச்சயமின்மையில் முன்பே தெரியும். ஆகவே ஒன்றைத் தெரிந்தால் மற்றொன்று தெரியும்.

2011 வாக்கில் இந்தச் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் அன்றைய தராசும் சிலிக்கான் உருண்டையும் கிலோவுக்கு 170 மைக்ரோகிராமுக்கு மேல் முரண்பட்டன. இரண்டுமே தத்தம் நிச்சயமின்மை 30 முதல் 40 என்று சொல்லிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டுப் பொதுமாநாடு வரையறையை மாற்றும் எண்ணத்தைப் பதிவு செய்ததோடு நிறுத்திக்கொண்டது. நிறைக்கான ஆலோசனைக் குழு போட்ட நிபந்தனை: தராசும் சிலிக்கானும் உட்பட, ஒன்றையொன்று சாராத குறைந்தது மூன்று சோதனைகள் நூறு கோடியில் 50 பங்குக்குள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது 20க்குள் வேண்டும், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 2017இல் கனடா 9.1, சிலிக்கான் கூட்டணி 12, அமெரிக்கா 13 என்று வந்தபோதுதான் கதவு திறந்தது. மாற்ற நாளில் பழைய உருளையின் நிறை இன்னும் ஒரு கிலோகிராம்தான், ஆனால் இம்முறை 10 மைக்ரோகிராம் நிச்சயமின்மையோடு.

வரையறைக்குப் பின் நடந்தது

கோட்பாட்டின்படி இனி யாரும் செவ்ருக்குப் போக வேண்டியதில்லை. நல்ல கிபிள் தராசு வைத்திருக்கும் எந்த நாடும் தானே கிலோகிராமை உருவாக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் மகிழ்ச்சியாக முடிந்துவிடும். நடைமுறை வேறு.

2019இல் தராசும் சிலிக்கான் உருண்டையும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இடையே முதல் முறையான ஒப்பீடு நடந்தது. அவரவர் தாங்களே உருவாக்கிய கிலோகிராமால் கற்களை அளந்து பாரிசுக்கு அனுப்ப, பணியகம் அவற்றை ஒன்றோடொன்று நிறுத்தது. முடிவுகளின் சிதறல், அவரவர் அறிவித்த நிச்சயமின்மை அனுமதித்ததைவிட அதிகமாக இருந்தது. எங்கோ யாரோ தம் பிழையைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். யார் என்பது தெரியாது.

இந்த நிலையில் ஒவ்வொரு நாடும் தன் தராசைத் தானே நம்பிக் கற்களை வெளியிட்டிருந்தால், உருளைக் காலத்தில் இருந்த ஒற்றுமைகூட உடைந்திருக்கும். ஆகவே இசைவு மதிப்பு என்ற இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். கடைசி மூன்று தரவுத் தொகுப்புகளின் சராசரியே நடைமுறைக் கிலோகிராம். சொந்தத் தராசு வைத்திருப்பவர்களும் சான்றிதழ் வழங்கும்போது அந்தச் சராசரியையே பின்பற்ற வேண்டும். 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த முதல் இசைவு மதிப்பின்படி, பழைய முதன்மை உருளை ஒரு கிலோகிராமுக்கு 2 மைக்ரோகிராம் குறைவு. 2023 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அடுத்த மதிப்பில் அது 7 மைக்ரோகிராம் குறைவு. நிச்சயமின்மை 20 மைக்ரோகிராம்.

இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வெற்றி என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. முன்பு பிழை இருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனெனில் ஒப்பிட வேறெதுவும் இல்லை. இப்போது சிதறல் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் சங்கடம். ஆனால் "கிலோகிராம் இனி எவர் கையையும் சாராதது" என்ற வாசகத்தைப் பாடநூல்கள் கொஞ்சம் அடக்கி எழுதலாம். வரையறை எவரையும் சாராதது. சான்றிதழில் வரும் கிலோகிராம் இன்றும் ஓர் உடன்பாடு.

வெற்றிடத்திலிருந்து மளிகைக் கடைக்கு

தராசும் உருண்டையும் வெற்றிடத்தில் வேலை செய்கின்றன. மற்ற உலகம் காற்றில் நிறுக்கிறது. இந்த எல்லையைத் தாண்டுவது தனிக் கலை. வெற்றிடத்திலிருந்து வெளியே எடுத்த உடனே கல்லின் பரப்பில் நீராவி படிந்து சில மைக்ரோகிராம் கூடும். எவ்வளவு கூடியது என்று அறிய, ஒரே நிறையும் வெவ்வேறு பரப்பளவும் கொண்ட இரு கற்களை (ஒன்று உருளை, மற்றது இடைவெளி விட்டு அடுக்கிய வட்டத் தகடுகள்) காற்றிலும் வெற்றிடத்திலும் ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் முழுக்கப் பரப்பின் கணக்கு.

அதைவிடப் பெரியது காற்றின் மிதப்புவிசை. ஒரு கிலோ பிளாட்டினம் இரிடியம் 46.5 கன சென்டிமீட்டர், ஒரு கிலோ துருப்பிடிக்கா எஃகு 125 கன சென்டிமீட்டர். காற்றில் இவற்றை ஒப்பிட்டால் எஃகு சுமார் 94 மில்லிகிராம் இலகுவாகத் தோன்றும். அந்த 94 மில்லிகிராமை 10 மைக்ரோகிராம் வரை திருத்த வேண்டுமென்றால் காற்றின் அடர்த்தி பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் தெரிய வேண்டும். வெப்பநிலையில் 0.03 டிகிரி, அழுத்தத்தில் 10 பாஸ்கல் தவறினாலே அந்த எல்லை தாண்டிவிடும். ஈரப்பதமும் கரியமில வாயுவும் தனி. நிறை ஆய்வகத்தில் மூச்சுவிடும் மனிதர்கள் உள்ளே இருக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவின் தேசிய முதன்மைக் கிலோகிராம் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள 57ஆம் எண் நகல். அங்கிருந்து மத்திய அரசின் வட்டார ஆய்வகங்களுக்கு (தெற்கே பெங்களூரு), அங்கிருந்து மாநில ஆய்வகங்களுக்கு, பிறகு முத்திரை ஆய்வாளரின் கற்களுக்கு என்று சங்கிலி இறங்கும். ஒவ்வொரு படியிலும் அனுமதிக்கும் பிழை கூடும். ஒரு கிலோ கல்லுக்கு, துல்லிய வகுப்புகளில் உச்சமான இ1இல் 0.5 மில்லிகிராம், இ2இல் 1.6, எஃப்1இல் 5, எம்1இல் 50 மில்லிகிராம். இசைவு மதிப்பின் 20 மைக்ரோகிராம் நிச்சயமின்மை எம்1 கல்லின் வரம்பில் 2500இல் ஒரு பங்கு. மளிகைக் கடைத் தராசுக்கு வரையறை மாறியது தெரியப்போவதேயில்லை, தெரியவும் கூடாது. அங்கே ஏமாற்று நடந்தால் அதற்குப் பிளாங்க் மாறிலி பொறுப்பல்ல. ஆண்டுக்கொரு முறை மின்னணுத் தராசுக்கு முத்திரை வைத்தார்களா என்பதே கேள்வி.

ஆதாயம் பெரிய கல்லில் அல்ல, சிறிய கல்லில் இருக்கிறது. உருளைக் காலத்தில் துல்லியம் ஒரு கிலோவில் உச்சத்தில் இருந்தது. அங்கிருந்து 500 கிராம், 200, 100 என்று கல்லைப் பிரித்துப் பிரித்து மில்லிகிராமுக்கு இறங்கினால் ஒவ்வொரு படியிலும் நிச்சயமின்மை சேரும். ஒரு மில்லிகிராமை அடையும்போது அது பத்தாயிரத்தில் சில பங்கு வரை போய்விடும். பிளாங்க் மாறிலிக்கோ ஒரு கிலோ என்ற அளவின் மேல் தனிப்பற்று எதுவும் இல்லை. மில்லிகிராமை நேரடியாக மின் விசையால் சமன் செய்யலாம். மின்தேக்கித் தகடுகளின் நிலைமின் விசையால் மில்லிகிராம் கற்களை அளக்கும் தராசை அமெரிக்க நிறுவனம் உருவாக்கி, பழைய சங்கிலியைவிட நல்ல நிச்சயமின்மையைக் காட்டியிருக்கிறது. கிராம் அளவிலான கற்களுக்கு மேசைமேல் வைக்கும் கிபிள் தராசுகளை அமெரிக்காவும் ஜெர்மனியும் வடிவமைத்திருக்கின்றன. மருந்து ஆய்வகத்தில் நுண்தராசைச் சீரமைப்பவருக்கு 2019 தீர்மானத்தின் நேரடிப் பயன் இதுதான்.

விலையும் உண்டு. வெற்றிடத்தின் காந்த ஊடுருவுமை முன்பு வரையறையாலேயே துல்லியமாக 4π × 10⁻⁷. இப்போது அது மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்ணமைப்பு மாறிலியைச் சோதனையில் அளந்து பெறும் எண், ஏற்ற நாளில் அதன் நிச்சயமின்மை ஆயிரம் கோடியில் 2.3 பங்கு. ஒரு மோல் கார்பன்-12 துல்லியமாக 12 கிராம் என்பதும் போயிற்று, ஆயிரம் கோடியில் 4.5 பங்கு சந்தேகத்தோடு 12 கிராம். நீரின் மும்மைப் புள்ளி (பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்து நிற்கும் வெப்பநிலை) 273.16 கெல்வின் என்பதும் இனி அளந்து பெறும் மதிப்பு, நிச்சயமின்மை சுமார் 0.1 மில்லிகெல்வின். இவற்றால் யாருக்கும் நடைமுறையில் இழப்பில்லை. மும்மைப் புள்ளிக் கலன் முன்பு எப்போதுமே, எந்தக் கடல் நீரின் ஐசோடோப்பு விகிதத்தில் தயாரித்த நீர் என்று கேட்க வேண்டிய கருவியாக இருந்தது. அந்தக் கேள்வி வரையறையை விட்டு வெளியேறியது நல்லதே.

இசைவு மதிப்பு எப்போது முடியும்? நிறைக்கான ஆலோசனைக் குழுவின் திட்டப்படி அதற்குத் தேதி இல்லை, நிபந்தனை உண்டு: தனித்தனி ஆய்வகங்களின் முடிவுகள் தாங்கள் சொல்லும் நிச்சயமின்மைக்குள் ஒத்துப்போக வேண்டும், அப்படித் தொடர்ந்து ஒத்துப்போக வேண்டும். அதுவரை கனடாவின் தராசும் ஜப்பானின் சிலிக்கான் உருண்டையும் சீனாவின் ஜூல் தராசும் (கிபிள் தராசின் இன்னொரு வடிவம்) இரண்டாண்டுக்கு ஒரு முறை போலச் செவ்ருக்குக் கற்களை அனுப்பிக்கொண்டிருக்கும்.